நிமிஷத்துக்கு ஐம்பத்து நாலு

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு மாடம்பாக்கம் ஏரிக்கரை டீக்கடை பெஞ்சில் நான்கு பேர் உட்கார்ந்து விரலை நீட்டிக்கொண்டிருந்தால், நடுவில் இருப்பவர் குப்புராஜ் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். அவர் கையில் ஆக்சிமீட்டர் இருக்கும். கொரோனா காலத்தில் ஊரே அடித்துப் பிடித்து வாங்கி, பயம் போனதும் டிராயரில் தூக்கிப் போட்டதே, அந்த விரல் கிளிப்தான். மற்றவர்கள் வீட்டில் அது பேட்டரி தீர்ந்து கிடந்தது. குப்புராஜ் அதற்கு மறுவாழ்வு கொடுத்திருந்தார்.

சட்டம் எளிது. நடக்க ஆரம்பிக்கும் முன்னால் எல்லோரும் நாடித்துடிப்பைக் காட்ட வேண்டும். யாருக்கு அதிகமோ அவர் அன்றைய டீயை வாங்க வேண்டும். யாருக்குக் குறைவோ அவர் முன்னால் நடக்க வேண்டும். இந்தச் சட்டத்தைப் போட்டவர் குப்புராஜ். இரண்டு வருஷமாக முன்னால் நடந்துகொண்டிருந்தவரும் அவரே.

"அம்பத்திநாலு," என்று கிளிப்பைத் திருப்பி எல்லோருக்கும் காட்டுவார். குரலில் அடக்கம் இருக்கும், முகத்தில் இருக்காது.

ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்ற ராஜகோபாலுக்கு எழுபத்திரண்டு காட்டும். தையல் கடை அசரியாவுக்கு எழுபத்தெட்டு. கடைசியில் மொஹ்சின். அவன் ராஜகீழ்ப்பாக்கத்தில் இருந்து வேகவேகமாக நடந்து வந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டே விரலை நீட்டுவான். எண்பத்தெட்டு. சில நாள் தொண்ணூறு.

"இன்னாபா மொஹ்சின், உள்ள யாராவது தமுக்கு அடிச்சிகினு கீறாங்களா?" என்பார் குப்புராஜ். பெஞ்ச் சிரிக்கும். மொஹ்சினும் சிரித்துக்கொண்டே நாலு டீ சொல்வான்.

வீட்டில் இருந்து ஏரிக்கரைக்கு ஸ்கூட்டரில் வந்து, பத்து நிமிஷம் பேப்பர் படித்துவிட்டு விரலை நீட்டுகிறவர் குப்புராஜ். இரண்டு கிலோமீட்டர் நடந்து வந்த மூச்சு அடங்கும் முன்னால் நீட்டுகிறவன் மொஹ்சின். இதை ஒருவரும் யோசிக்கவில்லை. எண் பேசும்போது மனிதன் யோசிப்பதை நிறுத்திவிடுகிறான்.

குப்புராஜுக்கு ஐம்பத்தாறு வயது. அப்பா காலத்தில் நெல் விளைந்த இடம் மனைகளாகிவிட்டது. அவர் சிமெண்ட், கம்பி விற்கும் கடை வைத்திருக்கிறார். மொஹ்சின் ஏ.சி. மெக்கானிக், நாற்பத்தேழு வயது. மாடி மாடியாக ஏறி இறங்குவதுதான் அவன் தொழில். ஆனால் ஏரிக்கரையில் யார் குரு, யார் சிஷ்யன் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. "இதயம் பழகிடுச்சின்னா அது நிதானமா அடிக்கும். ஓட்டப்பந்தயக்காரனுக்கெல்லாம் அப்படித்தான். டிவில டாக்டர் சொன்னாரு," என்பார் குப்புராஜ். மொஹ்சின் வாயைத் திறந்துகொண்டு கேட்பான்.

டிவியில் டாக்டர் சொன்னது உண்மைதான். குப்புராஜுக்குத்தான் அது பொருந்தாது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் கடையில் அவருக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. டாக்டரிடம் போனார். பிரஷர் நூற்று எழுபது. துடிப்பு தொண்ணூற்றாறு. பிரஷரையும் துடிப்பையும் சேர்த்துக் குறைக்கிற மாத்திரை ஒன்றை எழுதிக்கொடுத்து, காலையில் ஒன்று, நிறுத்தாமல் போட வேண்டும் என்றார் டாக்டர். மறு மாதமே துடிப்பு ஐம்பத்து நாலுக்கு இறங்கியது. சட்டம் போட்டதும் அந்த மறு மாதம்தான்.

மாத்திரைகளை அட்டையில் இருந்து பிதுக்கி ஒரு வைட்டமின் பாட்டிலில் கொட்டி வைத்திருந்தார். வந்து போகிறவர்கள் பார்த்தால் சத்து மாத்திரை என்று நினைத்துக்கொள்ளட்டும். மனைவி சந்திரிகாவுக்கு மட்டும் தெரியும். "பிரஷர் இல்லாத வூடு இந்தத் தெருவுல எங்க கீது? இதுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ மறைப்பு?" என்று அவள் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டாள்.

மாத்திரைக்கு இன்னொரு வேலையும் இருந்தது. கரை மேடேறுகிற இடத்தில் எல்லோருடைய இதயமும் வேகமெடுக்கும். அவருடையது எடுக்காது. கால் ரத்தம் கேட்கும், நெஞ்சு கொடுக்காது. தொடை கனக்கும், மூச்சு இரைக்கும். முன்னால் நடக்கிற தலைவர் நின்று மூச்சு வாங்கினால் நன்றாகவா இருக்கும்? அதனால் குப்புராஜ் சட்டென்று நின்று ஏரிப்பக்கம் கையை நீட்டுவார். "அதோ பாருங்க, நீர்க்காகம்." பறவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லோரும் நின்று பார்ப்பார்கள். அவர் சத்தமில்லாமல் மூச்சு வாங்கிக்கொள்வார். ஒரு சுற்றுக்கு நாலு நீர்க்காகம், இரண்டு நாரை. இந்த வகையில் அவருக்குப் பறவைப் பிரியர் என்ற பெயரும் வந்து சேர்ந்தது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு ஒருநாள் கூட்டிக்கொண்டு போங்கள் என்று அசரியா நச்சரித்துக்கொண்டிருந்தார்.

வினை ஒரு வெள்ளிக்கிழமை வீடு தேடி வந்தது.

ஏ.சி.யைக் கழுவிச் சுத்தம் செய்ய மொஹ்சின் வந்திருந்தான். சந்திரிகா கோயிலுக்குப் போயிருந்தாள். காலையில் மாத்திரை போட மறந்துவிட்டது ஞாபகம் வந்து, குப்புராஜ் பாட்டிலைத் திறந்து ஒன்றை வாயில் போட்டு, தண்ணீர் குடித்துத் திரும்பினார். ஏணியின் மேல் நின்றுகொண்டு மொஹ்சின் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னாண்ணா அது?"

"சத்து மாத்திரைபா."

"ஓ! அம்பத்திநாலோட ரகசியம் அதுதானா?"

சும்மா கிண்டலுக்குத்தான் கேட்டான். "அட போப்பா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் பிடிபட்டுவிட்டோமோ என்ற பயத்தில் மனிதனுக்கு வாய் நீளும். "ரகசியம்லாம் இல்ல. நடக்கிறதுதான் முக்கியம். இது சும்மா இதயத்துக்குக் கொஞ்சம் தெம்பு," என்றார் குப்புராஜ்.

மொஹ்சின் ஏணியில் இருந்து இறங்கி வந்தான். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். அவன் முகத்தில் இப்போது கிண்டல் இல்லை.

"எனக்கும் கொஞ்சம் குடுங்கண்ணா. ஒருவாட்டியாவது எழுபதுக்குக் கீழ காட்டணும். வூட்டுல என் சம்சாரம் சித்திகா டெய்லி கேக்குறா, இன்னிக்கும் நீதான் டீ வாங்கினியான்னு. எங்க வாப்பா நாப்பத்தொம்பது வயசுல ஹார்ட்லதான் போனாரு. எனக்கு இன்னும் ரெண்டு வருஷம்தான்னு உள்ளுக்குள்ள பயமா கீதுண்ணா."

இதை அவன் இதுவரைக்கும் சொன்னதே இல்லை. இரண்டு வருஷமாகத் தமுக்கு, மேளம் என்று சிரித்ததெல்லாம் இந்தப் பயத்தின் மேல்தான் விழுந்திருக்கிறது. குப்புராஜுக்குச் சுருக்கென்றது. அந்தச் சுருக்கிலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பிரஷருக்கு ஊரே போடுகிற மாத்திரைதானே, என்ன ஆகிவிடப் போகிறது என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு, இருபது மாத்திரையை எண்ணிப் பேப்பரில் மடித்துக் கொடுத்தார்.

"டெய்லி ஒண்ணு. யார்கிட்டயும் சொல்லாத, எல்லாரும் கேப்பானுங்க," என்றார்.

மொஹ்சின் அந்தப் பொட்டலத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். ஏ.சி. கழுவியதற்குக் கூலி வாங்க மறுத்துவிட்டான்.

அடுத்த ஞாயிறு கிளிப் அறுபத்தாறு காட்டியது. அதற்கு அடுத்த ஞாயிறு ஐம்பத்தெட்டு.

"மொஹ்சினா இது?" என்று ராஜகோபால் கிளிப்பை வாங்கித் தட்டிப் பார்த்தார். அசரியா கை தட்டினார். டீக்கடைக்காரரே அடுப்பை விட்டு எட்டிப் பார்த்தார். மொஹ்சின் சிரிக்கக்கூட இல்லை. கண் கலங்கி, அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கைபேசியை எடுத்து அதைப் படம் பிடித்துக்கொண்டான். அன்றைக்கு டீ வாங்கியது அசரியா.

நடக்கும்போது மொஹ்சின் அவர் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான். "இந்த வாரம் ரெண்டு ரெண்டா போட்டேண்ணா. காலைல எழுந்தா மட்டும் லேசா கிறுகிறுன்னு வருது. ஒண்ணும் இல்லல்ல?"

குப்புராஜ் நடையைக் குறைத்தார். போடாதே, நிறுத்து என்று சொல்ல வேண்டும். சொன்னால் ஏன் என்று கேட்பான். பின்னால் ராஜகோபாலும் அசரியாவும் காதுக்கு எட்டும் தூரத்தில் வந்துகொண்டிருந்தார்கள்.

"உடம்பு பழகுதுபா. மொதல்ல அப்படித்தான் இருக்கும்," என்றார்.

அவர் ஆயுளில் சொன்ன பொய்களையெல்லாம் ஒரு தட்டில் வைத்தாலும் இந்த ஒன்றுக்கு ஈடாகாது. இதைச் சொல்லிவிட்டு அவர் நீர்க்காகம் காட்டினார்.

செவ்வாய்க்கிழமை படப்பையில் புதிதாகக் கட்டிய ஒரு வீட்டில் மொஹ்சின் ஏ.சி. மாட்டிக்கொண்டிருந்தான். ஏணியின் மேல்படியில் குனிந்து நிமிர்ந்தவனுக்குக் கண் இருட்டியது. பத்தடி உயரத்தில் இருந்து விழுந்தான். கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த மணல் குவியல் உயிரைக் காப்பாற்றியது. வலது மணிக்கட்டு முறிந்தது, நெற்றியில் ஆறு தையல்.

செய்தி மறுநாள் காலைதான் குப்புராஜுக்குத் தெரிந்தது. சந்திரிகாவைக் கூட்டிக்கொண்டு மேற்குத் தாம்பரத்து ஆஸ்பத்திரிக்குப் போனார். ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து வந்த சந்திரிகா முடிச்சூர் சாலை சிக்னலில் கேட்டாள்: "இந்த மாசம் உன் மாத்திரை ஏன் பாதியிலேயே தீந்து போச்சு?"

"கீழ கொட்டிடுச்சு," என்றார் அவர். சிக்னல் பச்சையானது.

அறையில் மொஹ்சின் கட்டுப்போட்ட கையோடு படுத்திருந்தான். நெஞ்சில் ஒயர்கள். தலைமாட்டில் இருந்த திரையில் துடிப்பு ஓடிக்கொண்டிருந்தது. குப்புராஜ் உள்ளே நுழைந்ததும் ஆளைப் பார்க்கவில்லை, திரையைத்தான் பார்த்தார். நாற்பத்து நாலு.

"வாங்கண்ணா, வாங்கக்கா," என்று சித்திகா எழுந்து நாற்காலியைத் தள்ளிவிட்டாள். "நேத்துலருந்து உங்களத்தான் கேட்டுகினு கீறாரு."

மொஹ்சினின் உதடு வீங்கியிருந்தது. ஆனாலும் சிரித்தான். "நாப்பத்தி நாலுண்ணா. உங்களையே தாண்டிட்டேன்."

குப்புராஜுக்கு நாற்காலியில் உட்காரத் தோன்றவில்லை. அந்த நேரம் டாக்டர் சுப்ரஜா வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். கோப்பைப் புரட்டியபடியே சித்திகாவைக் கேட்டார்.

"அம்மா, மறுபடியும் கேக்குறேன். இவர் எந்த மாத்திரையுமே எடுத்துக்கறதில்லையா? பிரஷருக்கு, படபடப்புக்கு, வேற எதுக்காவது?"

"இல்ல டாக்டர். இவருக்கு சுகர், பிரஷர் ஒண்ணும் கிடையாது. காய்ச்சல் வந்தாக்கூட மாத்திரை போட மாட்டாரு."

"துடிப்பு ரொம்ப கம்மியா இருக்கு. அதான் புரியல."

"அது ட்ரெயினிங் டாக்டர்," என்றான் மொஹ்சின் படுக்கையில் இருந்து. "வாக்கிங் போறேன்ல. மொதல்ல தொண்ணூறு இருந்துச்சு. அண்ணாதான் சொல்லிக் குடுத்துக் கொறைச்சாரு. இவருதான்." முறியாத கையைத் தூக்கிக் குப்புராஜைக் காட்டினான். அந்தக் கையில் இருந்த பெருமையைப் பார்க்க முடியாமல் குப்புராஜ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டாக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். தொப்பையில் பார்வை ஒரு கணம் நின்றது. "நீங்க கோச்சா சார்?"

"சும்மா... வாக்கிங் குரூப்," என்றார் குப்புராஜ்.

"நல்லா பயிற்சி செஞ்ச இதயம்னா துடிப்பு கம்மியா இருக்கும், வாஸ்தவம். ஆனா அப்படிப்பட்டவங்களுக்கு பிரஷர் இப்படி இறங்காது. எழுந்து உக்காந்தா துடிப்பு ஏறணும், இவருக்கு ஏறவே மாட்டேங்குது. இதுக்கு மேல குறைஞ்சா கழுத்து வழியா ஒரு ஒயரை விட்டுத் தற்காலிகமா பேஸ்மேக்கர் வைக்க வேண்டி வரலாம். இதய டாக்டர் மத்தியானம் வர்றார். ஒருவேளை தேவைப்பட்டா... இதுல கையெழுத்துப் போட்டு வைங்கம்மா."

சித்திகா காகிதத்தை வாங்கினாள். படிக்கவில்லை. பேனாவைத் தேடினாள். "எங்க மாமாவும் இப்படித்தான்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். மொஹ்சினின் முகத்தில் இருந்த சிரிப்பு வடிந்தது. வாப்பாவின் நாற்பத்தொன்பது வயது அந்த அறைக்குள் வந்து நின்றுவிட்டது.

சந்திரிகா தன் கைப்பையில் இருந்து பேனாவை எடுத்துக் கொடுத்தாள். கொடுத்துவிட்டுப் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.  முப்பது வருஷம் கூட வாழ்ந்தவளுக்குக் கணக்குப் போட முப்பது விநாடி போதும்.

டாக்டர் வெளியே போனார். குப்புராஜ் பின்னாலேயே ஓடினார். அதைத் தைரியம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வராந்தாவில் டாக்டரை மறித்து அவர் செய்தது இதுதான்: இரண்டு பக்கமும் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார், மாத்திரையின் பெயரையும் எத்தனை கொடுத்தார், அவன் இரண்டிரண்டாகப் போட்டான் என்பதையும் சொன்னார். பிறகு கையைக் கூப்பினார்.

"ஒயர்லாம் வைக்காதீங்க டாக்டர். அது மாத்திரையாலதான். ஆனா அவன்கிட்ட மட்டும் சொல்லாதீங்க. நீங்களா கண்டுபிடிச்ச மாதிரி..."

டாக்டர் சுப்ரஜாவின் முகம் இறுகிவிட்டது. "பிரஷரே இல்லாத ஆளுக்கு, ஏணியில ஏறி வேலை செய்யறவருக்கு, ரெண்டு ரெண்டா?"

"ஒண்ணுதான் போடச் சொன்னேன்."

வாயில் இருந்து வந்த பிறகுதான் அது எவ்வளவு கேவலமான பதில் என்று அவருக்கே தெரிந்தது.

"இன்னும் ஒண்ணு ரெண்டு நாள்ல மருந்து வேகம் இறங்கிடும். ஒயர் தேவைப்படாதுன்னு நினைக்கிறேன். ஆனா உடம்புக்குள்ள என்ன போச்சுன்னு அவருக்குத் தெரியணும் சார். நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

ஒரு ஆயா தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். குப்புராஜ் சுவரோடு ஒட்டி வழிவிட்டார். அப்படியே படியிறங்கிப் போய் ஸ்கூட்டரை எடுத்தால் என்ன என்று நிஜமாகவே ஒரு யோசனை வந்தது. ஆனால் சாவி சந்திரிகாவின் கைப்பையில் இருந்தது. வெட்கத்தோடு சொல்ல வேண்டியதுதான், அவரை அறைக்குள் திருப்பி அனுப்பியதில் அந்தச் சாவிக்கும் பங்கு உண்டு.

அவர் கட்டிலின் கால்மாட்டில் நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார். மொஹ்சினைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை, கட்டுப்போட்ட கையைப் பார்த்துச் சொன்னார். தனக்கு இரண்டு வருஷமாகப் பிரஷர் இருப்பதை, ஐம்பத்து நாலு மாத்திரை கொடுத்த எண் என்பதை, பாட்டிலில் இருந்தது சத்து மாத்திரை இல்லை என்பதை, கிறுகிறுப்பு வருகிறது என்று கேட்டபோதும் தெரிந்தே பொய் சொன்னதை. நடுவில் ஒருமுறை இருமினார். யாரும் தண்ணீர் கொடுக்கவில்லை.

சித்திகா கையெழுத்துப் போட்ட காகிதத்தை நான்காக மடித்தாள். "காலைல ஃபஜர் தொழுதுட்டு டெய்லி உங்க பேரைச் சொல்லித் துவா கேப்பாரு," என்றாள். "என் பேரைச் சொன்னாரோ இல்லையோ, உங்க பேரைச் சொல்வாரு." சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சத்தம் போட்டிருந்தால் குப்புராஜால் தாங்கியிருக்க முடியும்.

மொஹ்சின் தலைமாட்டுப் பக்கம் பார்த்தான். திரையில் நாற்பத்தைந்து, நாற்பத்து நாலு, நாற்பத்தைந்து என்று மாறிக்கொண்டிருந்தது. ஒருவழியாகக் கேட்டான்.

"அப்போ அந்த அம்பத்தெட்டு என்னுது இல்லையாண்ணா?"

விழுந்ததைக் கேட்கவில்லை. கையைக் கேட்கவில்லை. குப்புராஜ் இல்லை என்று தலையாட்டினார். மொஹ்சின் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

அந்த ஞாயிறு டீக்கடை பெஞ்சில் குப்புராஜ் வைட்டமின் பாட்டிலையும் மாத்திரை அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ராஜகோபாலிடமும் அசரியாவிடமும் எல்லாவற்றையும் சொன்னார். யாரும் திட்டவில்லை. ராஜகோபால் பேப்பரை மடித்து மடித்துப் பிரித்தார். அசரியா கிளிப்பை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். டீக்கடைக்காரர் மட்டும், "அந்த மனுஷன் ரெண்டு வருஷமா உனுக்கு டீ வாங்கிக் குடுத்தானே சார்," என்றார். அன்றைக்கு யாரும் முன்னால் நடக்கவில்லை.

ஆறு வாரம் கழித்து குப்புராஜ் அதே டாக்டரிடம் ட்ரெட்மில் டெஸ்டுக்குப் போனார். அவரே கேட்டுக்கொண்டு போனார். பட்டை ஓட ஓட, சரிவு ஏற ஏற, அவர் கால்கள் கெஞ்ச ஆரம்பித்தன. ஐந்தாவது நிமிஷம் நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார்.

"போன வாரம் மொஹ்சின் வந்திருந்தார்," என்றார் டாக்டர் சுப்ரஜா. "மருந்தெல்லாம் போன பிறகு சோதிச்சுடலாம்னு கூப்பிட்டிருந்தேன். அப்பாவை நினைச்சு ரொம்ப பயந்துபோயிருந்தார். பன்னெண்டு நிமிஷம் போனார். இதயம் நூத்தி எழுபத்திரண்டு வரைக்கும் அழகா ஏறிச்சு, நிறுத்தினதும் மளமளன்னு இறங்கிடுச்சு. அதுதான் சார் நல்ல இதயம். உக்காந்திருக்கும்போது எவ்ளோ கம்மியா அடிக்குதுங்கறது மட்டும் கணக்கில்ல. உடம்பு கேக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் எவ்ளோ ரத்தத்தைத் தள்ளுது, தள்ளின ரத்தத்துல இருந்து காலும் கையும் எவ்ளோ பிராணவாயுவை எடுத்துக்குது, அதுலதான் தெம்பு இருக்கு. பாதி பிறவியில வர்றது. மீதி உழைச்சு வர்றது. அவர் இருபத்தஞ்சு வருஷமா மெஷினைத் தூக்கிக்கிட்டு மாடி ஏறியிருக்கார்."

"என்னுது டாக்டர்?"

"பிரேக்கை மிதிச்சிக்கிட்டே போற வண்டி மெதுவா போகுதுன்னா, அதுக்கு எஞ்சின் நல்லா இருக்குன்னா அர்த்தம்? உங்களுக்கு அந்த பிரேக் தேவை, அதை நிறுத்தாதீங்க. ஆனா அதைப் பெருமையா சொல்லிக்காதீங்க. உங்க வேகத்துக்கு நடங்க, மூச்சு வாங்கினா நில்லுங்க."

நான்கு பேரில் நல்ல இதயம் யாருக்கோ, அவனையே இரண்டு வருஷம் டீ வாங்க வைத்திருக்கிறார். சாகப்போகிறோம் என்று அவனை நம்ப வைத்திருக்கிறார். பார்க்கிங்கில் ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார் குப்புராஜ். அழுகை வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் லேசாகியிருக்கும்.

அதற்கு அடுத்த ஞாயிறு அவர் கரையில் தனியாக, கடைசியாக நடந்துகொண்டிருந்தார். மேடு வந்தது. பாதி ஏறியதும் நெஞ்சு இனி முடியாது என்றது. நின்றார். ஏரிப்பக்கம் கையை நீட்டவில்லை. முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து, போகிற வருகிறவர்கள் பார்க்கப் பார்க்க, வாயைத் திறந்து மூச்சு வாங்கினார்.

பின்னால் செருப்புச் சத்தம் நெருங்கியது. ராஜகீழ்ப்பாக்கத்தில் இருந்து வேகவேகமாக வருகிற நடை. மொஹ்சின். மணிக்கட்டில் கட்டு இல்லை, பட்டை மட்டும் சுற்றியிருந்தது. தாண்டிப் போய்விடுவான் என்று குப்புராஜ் நினைத்தார். தாண்டிப் போய்விடு என்று மனசுக்குள் கெஞ்சவும் செய்தார்.

அவன் பக்கத்தில் வந்து நின்றான். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஏரியைப் பார்த்துக்கொண்டு, ஆறாத கையை மெதுவாக நீட்டினான்.

"அதோ பாருங்கண்ணா, நீர்க்காகம்."

குப்புராஜ் நிமிர்ந்து பார்த்தார். தண்ணீர் காலியாகக் கிடந்தது. ஒரு பறவையும் இல்லை.

அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. இவனுக்கு முதல் நாளில் இருந்தே தெரியும். மூச்சு வாங்கும்போதுதான் அண்ணா பறவை காட்டுகிறார் என்று தெரிந்துதான், இரண்டு வருஷமாக இல்லாத நீர்க்காகங்களை எல்லாம் அவன் நின்று நின்று பார்த்திருக்கிறான். அப்படிப்பட்டவனைத்தான் அவர் ஏமாற்றினார். குப்புராஜின் முகம் காதுவரைக்கும் எரிந்தது.

"எங்க?" என்று கேட்டார். 

"நல்லா பாருங்க," என்றான் மொஹ்சின். "மூச்சு அடங்கட்டும், தெரியும்."